புல்வெட்டும் இயந்திரமும் அதன் பராமரிப்பும்

மாரி ஓய்ந்து தை மாதம் பிறக்கும்போது, மூதூருக்குத் தெற்கே வயல்கள் சூழ்ந்த தோப்பூரில் பள்ளிக்கூட மைதானங்களும் குடிமனை வளவுகளும் புல் மண்டிக் கிடக்க, மெஷினோடு கூலிக்குச் செல்லும் இளைஞர்களுக்கு ஓய்வற்ற காலம் தொடங்கிவிடுகிறது. தோளில் மாட்டும் மெஷின் பற்றைக்கும் வரம்புக்கும் உகந்தது. பரந்த புற்றரையைச் சமமாக வெட்டுவதற்கோ சில்லுப் பூட்டிய தள்ளு மெஷினே தக்க சாதனம்.

1830ஆம் ஆண்டில் எட்வின் பட்டிங் என்ற ஆங்கிலேயர், ஆலையிலே கம்பளித் துணியின் சிலும்பைச் சீவும் உருளையைக் கண்டு, அதே உபாயத்தைப் புல்லுக்குப் பிரயோகித்து இதன் ஆதி ரூபத்தை அமைத்தார். அவருடைய உருளை கத்தரிக்கோலின் முறையில் நறுக்கியது. இன்று பெருவழக்கிலுள்ள பெற்றோல் மெஷினில், நிமிடத்திற்கு ஏறத்தாழ 3000 முறை சுழலும் அலகு தன் வேகத்தினாலேயே புல்லை அறுக்கிறது. அலகு மழுங்கிவிட்டால் புல் அறுபடாமல் கிழிபட்டு, இரண்டொரு தினங்களில் நுனி பழுப்பேறி, தரை முழுவதும் வாடியதுபோல் தோன்றும். திருகோணமலை நிலாவெளி வீதியில், இரண்டாம் உலக யுத்தத்தில் மாண்டோர் துயிலும் மயானத்தின் கல்வரிசைகளுக்கிடையே உள்ள பசும்புல்லைக் கண்டவர்கள், ஒழுங்காக வெட்டிய புல்லுக்கு எத்துணை கம்பீரம் உண்டென்பதை அறிவார்கள்.

அலகைத் தீட்டுவது அவசரக் காரியமன்று. அதனைக் கழற்றி, முன்னிருந்த சரிவு மாறாமல் அரத்தால் அராவி, நடுத்துளையைச் சுவரிலுள்ள ஆணியில் மாட்டிப் பார்க்கவேண்டும். ஒருபுறம் தாழ்ந்தால் அப்புறத்தை இன்னும் சிறிது அராவவேண்டும். பாரம் ஒவ்வாத அலகு மெஷினை அதிரச் செய்து, தண்டையும் பெயாரிங்கையும் நாளடைவில் நாசமாக்கிவிடும். வளைந்த அலகை அடித்து நிமிர்த்துவது அபாயமாதலால், புதியதை மாட்டுவதே தகும்.

வெட்டத் தொடங்குமுன் கல், கம்பித்துண்டு, சிரட்டை முதலியவற்றைப் பொறுக்கி, சிறுவர்களை அப்பால் அனுப்பிவிடவேண்டும். ஒரே தடவையில் புல்லின் உயரத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் வெட்டினால் வேர் பலவீனப்படும். முழங்காலளவு வளர்ந்ததைச் சில தினங்கள் இடைவிட்டுப் படிப்படியாகக் குறைப்பதே முறை. ஈரப்புல் அடித்தட்டில் அப்பிக்கொள்ளும். சுரண்டாது விட்டால், கடலின் உப்புக்காற்றும் சேர்ந்து தகட்டை அரித்துவிடும்.

எஞ்சின் ஒயிலை வேலைக்குமுன் ஒவ்வொரு நாளும் பார்க்கவேண்டும். சாதாரணமாக 50 மணித்தியால ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். கோடையில் கச்சான் காற்றுப் புழுதி கிளப்பும்போது காற்று வடிகட்டியை அடிக்கடி துப்புரவாக்காவிட்டால், எஞ்சின் மூச்சுத் திணறிப் புகை கக்கும். நெடுநாள் தேங்கிய பெற்றோல் பிசினாகிக் காபரேற்றரை அடைக்குமாகையால், மாரிக்கு மெஷினை ஒதுக்குமுன் தாங்கியை வெறுமையாக்கவேண்டும்.

இவ்வளவும் நேரம் பிடிக்கும் வேலை என்பதை ஊரார் உணரவேண்டும். கூலி பேசும்போது வெட்டும் பரப்பை மாத்திரம் கணக்கிடாமல், அலகு தீட்டும் பொழுதையும் சேர்த்துப் பேசுவதே நியாயம். மெஷின் பிடிக்கும் தம்பிமாரிடம் ஒரு வேண்டுகோள்: எஞ்சினை நிறுத்தியபின், ஸ்பார்க் பிளக்கின் வயரைக் கழற்றாமல், எத்தகைய அவசரத்திலும் அலகின் அருகே கையைக் கொண்டுபோகாதீர்கள்.