கறுப்பு மணலிலிருந்து வெள்ளை நிறம்: ‘இ 171’ என்பது என்ன?

மிட்டாய், சூயிங்கம் உறைகளில் ‘இ 171’ என்ற எண்ணைப் பார்த்துவிட்டு, இது ஹலாலா என்று கேட்பவர்கள் நம்மில் பலர். இது விலங்குக் கொழுப்பிலிருந்து எடுப்பதல்ல. டைட்டானியம் டை ஆக்சைடு என்ற கனிமப் பொடி. (கேப்சூல் உறையின் ஜெலட்டின் வேறு கேள்வி.) ஆனால் ஹலாலோடு தய்யிபையும் சேர்த்துக் கேட்க வேண்டிய நாம், அது எப்படி உருவாகிறது என்பதையும் தெரிந்துகொள்வோம்.

கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியிலும் கேரளத்துச் சவராவிலும் கடற்கரை மணல் கறுத்துக் கிடக்கும். அதில் இருப்பது இல்மனைட். டைட்டானியமும் இரும்பும் சேர்ந்த தாது. இரும்பை நீக்கினால் வெண்மை கிடைக்கும். பழைய முறையில், அரைத்த தாதுவை அடர் கந்தக அமிலத்தில் கரைக்கிறார்கள். கரைசலைக் குளிரவைத்தால் இரும்பு பச்சைப் படிகமாகப் பிரிந்துவிடும்; நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று தருவார்களே, அதேதான். மீதியைக் கொதிக்கவைத்து, படியும் வெள்ளை மாவைக் கழுவி, சுமார் 900 டிகிரி சூட்டில் சுட்டு அரைத்தால் நிறமி தயார். 1946இல் தொடங்கப்பட்ட திருவனந்தபுரம் டைட்டானியம் ஆலை இம்முறையைச் சேர்ந்தது. ஒரு டன் நிறமிக்குப் பல டன் அமிலக் கழிவு மிஞ்சுவது இதன் பெருங்குறை. சவரா ஆலையில் குளோரின் முறை. குளோரினை மீட்டு மறுபடி பயன்படுத்துவதால் கழிவு குறைவு.

இந்த நிறமியில் பெரும்பங்கு பெயின்டுக்குத்தான் போகிறது. வைரத்தைவிட அதிகமாக ஒளியை வளைப்பதால் மெல்லிய பூச்சே சுவரை மறைத்துவிடும். முன்பு இவ்வேலைக்குப் பயன்பட்ட ஈய வெள்ளை நஞ்சு. அந்த வகையில் இது பெரிய உபகாரமே. பிளாஸ்டிக், காகிதம், பற்பசை, மாத்திரைப் பூச்சு என எங்கும் இது உண்டு.

அப்படியானால் பெயின்டில் இருப்பதைத் தின்னலாமா? மரபணுவைச் சேதப்படுத்தாது என்று உறுதி சொல்ல முடியாததால், உணவில் இதைப் பாதுகாப்பானதாகக் கருத இயலாது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021இல் அறிவித்தது. 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் உணவில் இதைத் தடை செய்தது. மருந்துகளில் அனுமதி தொடர்கிறது. ஆனால் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனமும் அமைத்த நிபுணர் குழு, 2023இல் மறுஆய்வு செய்து, உணவில் இதற்கு அளவு வரம்பு தேவையில்லை என்ற தன் பழைய முடிவிலேயே நின்றது.

நிபுணர்களே இரண்டுபட்டிருக்கையில் ஹராம் என்று ஃபத்வா சொல்ல நாம் துணியமாட்டோம். ஆனால் இந்த வெள்ளையில் ருசியும் இல்லை, சத்தும் இல்லை, பார்வைக்கு மட்டுமே. மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையை இதற்காக நிறுத்த வேண்டாம். பிள்ளைகளின் மிட்டாயை மாற்றிக்கொள்ளலாம்.