வாலில் தொங்கும் பாரம்

கொழிஞ்சாம்பாறைத் தென்னந்தோப்பானாலும் சரி, இடுக்கியின் வட்டவடை, காந்தல்லூர் காய்கறித் தோட்டமானாலும் சரி, தொழுவுரம் அள்ளிக் கொட்டுவது முதுகை முறிக்கும் வேலை. மினி டிராக்டரின் முன்னால் பக்கெட் லோடர் பூட்டினால் அந்த வேலை இலகுவாகும். ஆனால் பக்கெட் நிறைந்து தரையை விட்டு எழும்பும்போது பின்சக்கரங்கள் கனம் இழக்கத் தொடங்குகின்றன.

ஒரு கணக்குப் போடுவோம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 1.5 மீட்டர். முன் அச்சுக்கு 1 மீட்டர் முன்னால் 300 கிலோ எரு. முன் அச்சு நெம்புகோலின் தாங்குபுள்ளி ஆகிவிடுகிறது. பின்சக்கரங்களின் மேலிருந்த எடையில் 200 கிலோ குறைகிறது. அந்த 200 எங்கே போனது? முன் அச்சின் தலையில்தான். தூக்கியது 300 கிலோ. முன் அச்சு கூடுதலாகச் சுமப்பதோ 500 கிலோ!

இதில் ஆபத்தும் உண்டு. பெரும்பாலான டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரங்களில்தான் இருக்கிறது. அவை தரையை அழுத்தாவிட்டால் பிரேக் பிடித்தும் பயனில்லை. இடுக்கியின் சரிவில் சுமையோடு முகம் கீழ்நோக்கி இறங்கினால், எடை இன்னும் முன்னால் சாயும்.

பக்கவாட்டிலும் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. மேடுபள்ளத்துக்கு ஏற்ப ஆடுவதற்காக, முன் அச்சு நடுவே ஒரே ஓர் ஊசியில் தொங்குகிறது. அதனால் நான்கு சக்கரம் இருந்தும், டிராக்டர் நிற்பது ஒரு முக்கோணத்தின் மேல்: பின்சக்கரங்கள் இரண்டு, அந்த ஊசி ஒன்று. எடை முன்னால் நகர நகர, முக்கோணத்தின் குறுகிய முனையை நெருங்குகிறது; பக்கவாட்டில் கவிழ்வது எளிதாகிறது. பக்கெட்டை உயர்த்தினால் கவிழும் வாய்ப்பு இன்னும் கூடும்.

இதற்கு மருந்துதான் எதிர்ப்பாரம், அதாவது சுமைக்கு மறுபுறம் சேர்க்கும் எடை. ஒரு வழி, பின் டயருக்குள் தண்ணீர் விடுவது. வால்வை உச்சியில் நிறுத்தி அந்த மட்டம் வரை, ஏறத்தாழ முக்கால் பங்கு நிரப்புவார்கள். மிஞ்சிய இடத்தில் இருக்கும் காற்று குலுக்கலைத் தாங்கும். தண்ணீர் உறையும் குளிர்நாடுகளில் கால்சியம் குளோரைடு கரைசல் விடுவதுண்டு. அது இரும்பை அரிக்கும். அமெரிக்காவில் சர்க்கரை பீட்ரூட் சாற்றையே டயருக்கு ஊட்டுகிறார்கள். அது எளிதில் உறையாது, அரிக்காது, லிட்டருக்குச் சுமார் 1.3 கிலோ கனமும் தரும்.

ஆனால் எடை எவ்வளவு என்பதைவிட, அது எங்கே இருக்கிறது என்பதே முக்கியம். டயருக்குள் விட்ட 200 கிலோ தண்ணீர் பின்சக்கரங்களுக்கு 200 கிலோதான் கூட்டும். முன் அச்சின் பாரத்தை ஒரு கிலோகூடக் குறைக்காது. அதே 200 கிலோவைப் பின் அச்சுக்கு 1 மீட்டர் பின்னால் தொங்கவிடுங்கள். பின்சக்கரங்களுக்கு 333 கிலோ கூடும். முன் அச்சில் 133 கிலோ இறங்கும். கிணற்று ஏற்றத்தின் வாலில் கல்லைக் கட்டிய நம் முன்னோருக்குத் தெரிந்த அதே சூத்திரம்!

டிராக்டரின் பின்னால் எடையைத் தொங்கவிட இடம் தந்தவர் ஹாரி ஃபெர்குசன். கலப்பையை டிராக்டரோடு ஒரே உடலாக்க அவர் வகுத்த மூன்று புள்ளி இணைப்பு, 1939-இல் வந்த ஃபோர்டு 9என் டிராக்டரால் உலகெங்கும் பரவியது. 1960-இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனம் மாஸே ஃபெர்குசன் டிராக்டர்களை இங்கே தயாரித்தது. இன்று மினி டிராக்டரின் பின்னாலும் இருப்பது அதே மூன்று கைகள்தான்.

அந்தக் கைகளில் கான்கிரீட் ஊற்றிய டிரம்மைத் தொங்கவிடலாம்; 200 கிலோ கான்கிரீட் ஊற்றினாலும் 200 லிட்டர் டிரம்மில் பாதிகூட நிரம்பாது. அதுவும் இல்லையென்றால், பின்னால் பூட்டிய ரோட்டவேட்டரே எதிர்ப்பாரமாகும். எவ்வளவு எடை தாங்கும் என்பதை டிராக்டரின் கையேட்டில் பாருங்கள். பக்கெட்டைத் தாழ்வாகவே வைத்து ஓட்டுங்கள். சரிவில் சுமையோடு இறங்கும்போது பக்கெட் மேட்டுப்பக்கம் இருக்கட்டும். லோடர் வாங்கும் அன்றே எதிர்ப்பாரத்துக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள்.