தலையீற்று நாய்க்கு ஒரு மறைவிடம்

2010 ஆம் ஆண்டு. கட்டுக்கரைக் குளத்தின் கீழுள்ள எமது கிராமத்துக்குத் திரும்பி வந்து நாம் செய்த முதலாவது பெரும்போகம் அது. வீடு என்று சொல்வதற்கு நான்கு கம்பும் ஒரு தறப்பாளுமே இருந்தன. இரவில் வயலுக்குள் பன்றி இறங்கினால் குரைத்து எழுப்ப எம்மிடம் இருந்தது சிவலை என்னும் ஒரு பெட்டை நாய் மட்டுமே. கார்த்திகை மழைக்குள் அதற்குத் தலையீற்று வந்தது.

அயலவர் எல்லோரும் கூடிவிட்டோம். ஒருவர் குப்பி விளக்கைப் பிடிக்க, பிள்ளைகள் எட்டிப் பார்க்க, நான் நாயின் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கொட்டில் ஆச்சி, "தம்பி, விளக்கை நூத்துப்போட்டு எல்லாரும் வெளியிலை வாங்கோ. அது தன்ரை பாட்டிலை ஈனட்டும்" என்றார். நாம் கேட்கவில்லை. முதலாவது குட்டி விழுந்ததும் சிவலை அதைக் கவ்விக்கொண்டு மழைக்குள் ஓடியது. விடியும்போது வேலியோரப் பற்றைக்குள் ஐந்து குட்டிகளோடு கண்டெடுத்தோம். இரண்டு குட்டிகள் குளிரில் விறைத்துச் செத்திருந்தன. நாம் செய்த உதவி அந்த இரண்டையும் கொன்றது என்றே இன்றும் நினைக்கிறேன்.

இடம்பெயர்ந்து திரிந்த குடும்பங்களின் நாய்களுக்கு உள்ள குறை இதுதான். 1990 களில் மடுவிலும் பேசாலையிலும் இருந்த நிவாரண நிலையங்களைக் கண்டவர்களுக்கு, கொட்டிலோடு கொட்டில் ஒட்டியிருந்த அந்த நெருக்கம் நினைவிருக்கும். மனிதருக்கே மறைவிடம் இல்லாத இடத்தில் நாய் எங்கே ஈனும்? தலையீற்று நாய் பயந்தால் முக்குவதை நிறுத்திவிடும், குட்டியைத் தூக்கிக்கொண்டு அலையும், சிலவேளை கடித்தும் விடும். ஆகவே மருந்து தேடுவதற்கு முன் மறைவிடம் தேடுங்கள்.

நாய் ஏறக்குறைய 63 நாள் சினையாக இருக்கும். இணைந்த நாளைச் சுவர்க் கலண்டரில் குறித்து வையுங்கள். ஈனுவதற்கு இரண்டு கிழமைக்கு முன்னரே இடத்தைக் காட்டிப் பழக்க வேண்டும். ஆட்கள் நடமாடாத மூலையில், வெள்ளம் ஏறாத மேட்டில், மூன்று பக்கமும் கிடுகு அல்லது பலகை வைத்து மறையுங்கள். கீழே உரப்பை, அதன்மேல் தோய்த்துக் காயவைத்த பழஞ்சீலை போதும். எமது பகுதியில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து அடிப்பதால் வாசலைத் தென்மேற்குப் பக்கம் வையுங்கள். பிறந்த குட்டிக்கு முதற்கிழமையில் தன் உடற்சூட்டைத் தானே காக்க முடியாது. பசியைவிடக் குளிரே அதை முந்திக் கொல்லும்.

காய்ச்சல் பார்க்கும் தேர்மாமீற்றர் வீட்டில் இருந்தால் கடைசி நாட்களில் காலையும் மாலையும் மலவாயிலில் வைத்துப் பாருங்கள். வழமையாக 101 அல்லது 102 பாகையில் நிற்கும் சூடு 99 இற்குக் கீழே இறங்கினால் ஒரு நாளுக்குள் ஈனும். பிறகு நாய் இரைக்கும், நடுங்கும், தின்னாது, சீலையைக் கிளறும். தலையீற்றில் இந்த நிலை ஒரு நாள் முழுவதும்கூட நீளலாம். பதறத் தேவையில்லை. அதற்கு அறிமுகமான ஒருவர் மட்டும் சற்றுத் தள்ளி, மணிக்கூட்டோடு இருந்தால் போதும்.

மணிக்கூடு ஏன் என்றால், கால்நடை வைத்தியரிடம் போக எமக்கு நெடுந்தூரம். எப்போது புறப்பட வேண்டும் என்பது முன்னரே தெரிந்திருக்க வேண்டும். பலமாக முக்கத் தொடங்கி அரை மணித்தியாலம் கடந்தும் குட்டி வராவிட்டால் புறப்படுங்கள். உள்ளே இன்னும் குட்டி இருக்க இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஒன்றும் வராவிட்டாலும் அப்படியே. முதற்குட்டிக்கு முன்னரே கரும்பச்சையாக நீர் வடிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். இளங்கொடி கழன்றுவிட்டது என்பதன் அடையாளம் அது. குட்டிகளுக்குப் பிறகு பச்சை நீர் வருவது வழமையே. பின்னங்கால் முன்னாக வருவதும் நாய்களில் சாதாரணம், அதைக் கண்டு இழுத்துவிடாதீர்கள். பார்மசியில் ஊசி வாங்கித் தாமே போடுவோரும் உண்டு. குட்டி அடைத்து நிற்கும்போது அந்த ஊசி போட்டால் கருப்பை கிழிந்து தாயும் போய்விடும்.

தாயே சவ்வைக் கிழித்து, கொடியைக் கடித்து, குட்டியை நக்கும். இளங்கொடியைத் தின்றால் விடுங்கள், ஆனால் குட்டிக்கு ஒன்றாக எண்ணிக்கொள்ளுங்கள். தலையீற்று நாய் சிலவேளை திகைத்துப்போய்ப் பார்த்துக்கொண்டே நிற்கும். அப்போதுதான் எமது கைக்கு வேலை. சவுக்காரம் போட்டுக் கை கழுவி, குட்டியின் முகத்துச் சவ்வை நீக்கி, வாயையும் மூக்கையும் துடைத்து, காய்ந்த துவாயால் அது கத்தும்வரை தேய்க்க வேண்டும். தலைகீழாகப் பிடித்துச் சுழற்றும் பழக்கம் ஆபத்தானது. கொடி அறாவிட்டால் வயிற்றிலிருந்து ஓர் அங்குலம் விட்டு, அவித்த நூலால் கட்டி, கட்டுக்கு அப்பால் வெட்டுங்கள். உடனே முலையில் விடுங்கள். முதல் நாள் சீம்பாலில்தான் நோயெதிர்ப்புச் சக்தி இருக்கிறது.

பால் கொடுக்கும் தாய்க்கு வழமையைவிட இரண்டு மூன்று மடங்கு சாப்பாடு வேண்டும். சோற்றோடு அவித்து முள் எடுத்த சூடை மீன், இருந்தால் முட்டை, எப்போதும் தண்ணீர். குட்டி போட்டு மூன்று நான்கு கிழமைக்குள் தாய் நடுங்கி, கால் விறைத்துத் தள்ளாடினால் அது சுண்ணாம்புச்சத்துக் குறைவு. குட்டிகளைப் பிரித்துவிட்டு உடனே வைத்தியரிடம் கொண்டு ஓடுங்கள், சில மணித்தியாலத்தில் உயிர் போகும். பனடோல் கொடுக்க வேண்டாம், அது நாய்க்கு நஞ்சாகலாம்.

குட்டிகளுக்கு இரண்டாம் கிழமையிலேயே பூச்சி மருந்து தொடங்க வேண்டும். தாயிடமிருந்து வரும் வட்டப்புழு, மண்ணில் விளையாடும் எமது பிள்ளைகளுக்கும் தொற்றும். விசர்நாய்க்கடி நோயையும் மறக்கக்கூடாது. 1973 இல் இலங்கையில் 377 பேர் அதனால் இறந்தார்கள். இன்று அது மிகவும் குறைந்திருப்பதற்கு நாய்களுக்கு ஏற்றும் தடுப்பூசி ஒரு பெரிய காரணம். சுகாதாரப் பகுதியினர் அதை இலவசமாகவே ஏற்றுகிறார்கள். அடுத்த ஈற்று வேண்டாம் என்றால் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்விக்கலாம். பெட்டைக் குட்டிகளைச் சந்தையடியில் கொண்டுபோய் விடும் பாவத்துக்கு அது எவ்வளவோ மேல்.

சிவலையின் இரண்டாம் ஈற்றின்போது, பழைய கதவொன்றைச் சரித்து வைத்துப் பின்பக்கத்தில் இடம் செய்து கொடுத்தோம். ஆச்சி வாசலில் இருந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார், நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரவு பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில் ஆறு குட்டிகள். ஒருவரும் அதைத் தொடவில்லை. எட்டுக் கிழமை முடிந்ததும் நான்கு கடுவனையும் வயற்காரரே வந்து கேட்டு வாங்கிப் போனார்கள்.