கீமோ ஏற்றிய பிறகு எங்கே தங்குவது?

ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைக்குக் கீமோ ஏற்றி முடித்த மாலையே பெரும்பாலும் அனுப்பிவிடுவார்கள். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. காய்ச்சல் வந்தா மட்டும் உடனே கொண்டு வந்துடணும்" என்பார் மருத்துவர். அந்த வீடு கள்ளக்குறிச்சியைத் தாண்டி ஏதோ ஒரு கிராமத்தில் இருக்கும். 'கவுண்ட்' இறங்கியிருக்கும் நாட்களில் வருகிற காய்ச்சலை, பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்க முடியாது. வெள்ளையணுக்கள் குறைந்த உடம்பில் தொற்று சில மணி நேரத்திலேயே உயிரைப் பறிக்கக்கூடியது. அதனால் ஊருக்குத் திரும்பாமல் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே தங்கியாக வேண்டும். கடுமையான கட்டம் பல மாதங்கள் நீளும். மொத்தச் சிகிச்சை இரண்டிலிருந்து மூன்று ஆண்டுகள்.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. அறுவைச் சிகிச்சைக்கும் மருந்துக்கும் அது கைகொடுக்கும். வெளியே எடுக்கும் அறை வாடகைக்கு உதவாது. அப்பாவின் தினக்கூலி நின்றுபோகும். மூத்த பிள்ளையைப் பாட்டியிடம் விட்டு வந்திருப்பார்கள். கம்மலும் அடகுக்குப் போன பிறகு, மருந்து இலவசமாகக் கிடைத்தும் ஊருக்குக் கிளம்பிவிடுகிற குடும்பங்கள் உண்டு. குணமாகக்கூடிய குழந்தை, தங்க இடமில்லாமல் சாவது எவ்வளவு பெரிய கொடுமை! மருந்துச் சீட்டில் எழுதித் தர வேண்டியவற்றில் தங்குமிடமும் ஒன்று என்றே நான் நினைக்கிறேன்.

சென்னைக்கு இது புதிய எண்ணம் அல்ல. ஸ்டான்லி மருத்துவமனையைப் பெரியவர்கள் இன்றும் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். 1780களின் பஞ்சத்தில் திக்கற்றவர்களுக்குக் கஞ்சி ஊற்ற எழுந்த மணியக்காரர் சத்திரம்தான் அதன் வேர். சத்திரம் முதலில் வந்தது, 1799இல் அதை ஒட்டி மருத்துவமனை வந்தது. பிறகு மருத்துவமனைகள் வளர்ந்துகொண்டே போக, சத்திரம் என்ற பகுதி மட்டும் பின்தங்கிவிட்டது.

அந்த இடைவெளியை இன்று நிரப்புவது பெரும்பாலும் நன்கொடைப் பணம். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் 1974இல் முதல் ரொனால்ட் மெக்டொனால்ட் இல்லம் திறந்தது. மகளுக்கு ரத்தப் புற்றுநோய் வந்த கால்பந்து வீரர் ஒருவரும், ஆட்ரி எவன்ஸ் என்ற குழந்தைப் புற்றுநோய் மருத்துவரும் அதற்குக் காரணமானவர்கள். இந்தியாவில் 2006இல் மும்பையில் தொடங்கிய செயின்ட் ஜூட் இந்தியா இல்லங்கள் பல நகரங்களுக்குப் பரவி, சென்னைக்கும் வேலூருக்கும் வந்திருக்கின்றன. வெளியூர்க் குழந்தையும் பெற்றோரும் இலவசமாகத் தங்கலாம். குடும்பத்துக்கென்று தனி இடம் உண்டு. பொதுச் சமையலறையில் ஆளுக்கொரு அடுப்பு. அவரவர் அவரவர் ருசிக்குச் சமைத்துக்கொள்ளலாம். இந்தத் தனி அடுப்பைச் சின்ன வசதி என்று எண்ண வேண்டாம். கீமோவில் நாக்கு செத்துப்போன குழந்தை, அம்மா கையால் வைத்த ரசத்தைத்தான் நாலு வாய் சாப்பிடும்.

இத்தகைய இல்லங்களில் நேராகப் போய் இடம் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. மருத்துவமனையிலிருந்து பரிந்துரை வர வேண்டும். அதைத் தருபவர் அங்குள்ள சமூகப் பணியாளர். அவரைப் பார்க்காமலேயே பல குடும்பங்கள் வாரக்கணக்கில் வராந்தாவில் படுத்துக் கிடக்கின்றன. நோய் உறுதியான அன்றே, "சோஷியல் வொர்க்கர் எங்கே இருக்காங்க?" என்று வார்டு செவிலியரிடம் கேளுங்கள். இடம் இல்லை என்றால் காத்திருப்போர் பட்டியலில் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். சென்னையின் பெரிய அரசு மருத்துவமனைகளில், நோயாளிகளோடு வருபவர்களுக்காக மாநகராட்சிக் காப்பகங்கள் இயங்குகின்றன. அம்மா உணவகங்களும் இருக்கின்றன. புற்றுநோயாளி சிகிச்சைக்காக ரயிலில் வரும்போது ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் அவருக்கு முழுக் கட்டணமும், துணைக்கு வரும் ஒருவருக்கு 75 சதவீதமும் தள்ளுபடி. அதற்கான சான்றிதழை மருத்துவமனையே உரிய படிவத்தில் தரும். இதெல்லாம் உங்களுக்கு உரியது. தயங்காமல் கேளுங்கள்.

ஏமாற்றுகிறவர்களும் இதே வாசலில்தான் நிற்கிறார்கள். வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையை ஒட்டிய காந்தி ரோட்டில் வங்காள எழுத்துப் பலகைகள் வரிசையாகத் தெரியும். அத்தனை தூரத்திலிருந்து நோயாளிகள் மொழி தெரியாமல் வருகிறார்கள். மருத்துவமனையைச் சுற்றி இப்படி அந்நியர்கள் குவியும் எந்த ஊரிலும், "டிரஸ்ட் ரூம் வாங்கித் தர்றேன்" என்று கமிஷன் கேட்கும் புரோக்கர் இருப்பார். இலவச இல்லம் எதுவும் இடைத்தரகர் வழியாக ஆள் எடுப்பதில்லை. "உங்க பிள்ளைக்கு நிதி திரட்டித் தர்றோம்" என்று ஆதார், வங்கி விவரம், குழந்தையின் படம் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்பவர்களிடம் இன்னும் எச்சரிக்கை வேண்டும். திரட்டிய பணம் நேராக மருத்துவமனைக் கணக்குக்குப் போகிறதா, அவர்களுக்கு எத்தனை சதவீதம் பிடித்தம் என்பதை எழுத்தில் கேளுங்கள். ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லாதீர்கள். பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930க்கு அழையுங்கள். மொட்டைத் தலையோடு நிற்கும் குழந்தையின் படம் ஒருமுறை இணையத்தில் ஏறினால், அந்தக் குழந்தை வளர்ந்து கல்லூரிக்குப் போகும் நாளிலும் படம் அங்கேயே இருக்கும். தங்க இடம் கொடுத்தார்கள் என்பதற்காகப் படம் எடுக்கச் சம்மதிக்க வேண்டியதில்லை. வழக்கு என்று வந்தால் இலவச சட்ட உதவிக்கு 15100. பெண்களும் குழந்தைகளும் வருமானச் சான்று இல்லாமலேயே அதைப் பெறலாம்.

கொடுப்பவர்களிடமும் மனம்விட்டுச் சொல்ல ஒன்று இருக்கிறது. கட்டடத்துக்கும் கல்வெட்டுக்கும் பணம் கிடைத்துவிடுகிறது. இரவுக் காவலர் சம்பளம், தண்ணீர் லாரி, காஸ் சிலிண்டர், கழிப்பறையைக் கழுவும் பெண்ணின் கூலி இவற்றுக்குத்தான் கிடைப்பதில்லை. தொற்று பயத்தில் வாழும் குழந்தைக்கு, சுத்தமான கழிப்பறை சலவைக்கல் தரையைவிட முக்கியம். பிறந்தநாளுக்கு ஒரு வேளை பிரியாணி கொடுப்பதற்குப் பதிலாக, மாதாமாதம் மின்கட்டணத்தை ஏற்றுக்கொள்ள முடியுமா என்று யோசியுங்கள்.

கொடுப்பதற்கு முன், 80ஜி வரிச்சலுகைப் பதிவு நடப்பில் உள்ளதா என்று பாருங்கள். அந்தப் பதிவைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்தாக வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிச்சலுகை கிடையாது. அரிசி, போர்வை போன்ற பொருளுக்கும் கிடையாது. புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கும் இந்தச் சலுகை இல்லை. தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கைக் கேளுங்கள். காட்டத் தயங்கும் அறக்கட்டளைக்கு, அது எவ்வளவு பெரிய மனிதர் பெயரில் இருந்தாலும், நான் கொடுக்க மாட்டேன்.

பொது அறக்கட்டளைப் பணத்தை நிர்வாகிகள் சொந்தப் பணமாகக் கையாள்வது தெரிந்தால், புலம்பலோடு நிறுத்த வேண்டியதில்லை. நம்பிக்கை மோசடி என்று காவல் நிலையத்தில் புகார் தரலாம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவில் இன்னொரு வழியும் இருக்கிறது. அந்த அறக்கட்டளையில் அக்கறை கொண்ட இருவர் சேர்ந்து, நீதிமன்ற அனுமதியோடு வழக்குத் தொடரலாம். அறங்காவலரை நீக்கவும், புதியவரை நியமிக்கவும், கணக்கு ஒப்படைக்கச் சொல்லவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.