இந்தக் கணக்கு எதற்கு?

உயர்தரப் பரீட்சையில் கணிதத்துக்கு 'ஏ' சித்தி பெற்று, மொரட்டுவைக்கோ பேராதனைக்கோ பொறியியல் படிக்கப் போன பிள்ளை முதல் வருடத்திலேயே கணிதத்தில் தடுமாறினால் வீட்டில் என்ன நடக்கும்? "கூட்டாளிமாரோடு சேர்ந்து கெட்டுப் போனான்" என்று வாப்பா ஏசுவார். உம்மாவுக்கு இரவில் தூக்கம் வராது. சகோதரிகளே, தீர்ப்புச் சொல்லுமுன் அந்தப் பிள்ளையின் பேச்சையும் சற்றுக் கேளுங்கள்.

உயர்தரத்துக்கு நான்கு பாடங்கள் இருந்த 1990களில் தூய கணிதமும் பிரயோக கணிதமும் தனித்தனிப் பாடங்கள். இன்று இரண்டும் சேர்ந்து இணைந்த கணிதம். அதில் பிரயோகம் என்றால் பாரமற்ற இழையும் உராய்வற்ற கப்பியும்தான். அப்படியொரு கப்பி எந்தக் கடையிலும் கிடைக்காது! ஆனாலும் டியூசன் வகுப்பில் பழைய வினாத்தாள்களைத் திரும்பத் திரும்பச் செய்த பிள்ளைக்குப் புள்ளி வந்துவிடும்.

பல்கலைக்கழகத்தில் வகையீட்டுச் சமன்பாடும் லாப்லாஸ் உருமாற்றமும் ஆங்கிலத்தில், வேகமாக வரும். கஷ்டம் என்பதைவிட, "இது எதற்கென்று யாரும் சொல்வதில்லை" என்பதே மாணவரின் பெரிய மனக்குறை.

உங்கள் அடுப்படியையே எடுத்துக்கொள்ளுங்கள். சுடச்சுட ஊற்றிய பிளேன்டி முதலில் சீக்கிரம் ஆறும். இளஞ்சூடானபின் மெதுவாகத்தான் ஆறும். சுற்றுப்புறத்துக்கும் அதற்குமுள்ள வெப்ப வித்தியாசம் குறையக் குறைய, ஆறும் வேகமும் குறைகிறது. நியூட்டனின் இந்த விதியைக் கணிதத்தில் எழுதினால் அதுவே ஒரு வகையீட்டுச் சமன்பாடு. மின்னேற்றிய கொள்ளளவி தடையினூடாக மின்னை இழப்பதும் இதே சமன்பாட்டின்படிதான். வகுப்பிலோ எக்ஸும் வையும் மட்டுமே வரும். கொள்ளளவி வேறொரு விரிவுரையில், வேறொருவரின் வாயால் வரும். இரண்டும் ஒன்றுதான் என்பதைப் பிள்ளை தானாகவே கண்டுபிடிக்க வேண்டும்.

9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் அல்-குவாரிஸ்மி எழுதிய அல்ஜிப்ரா நூலின் ஒரு பெரும் பகுதி, வாரிசுச் சொத்தைப் பங்கிடும் கணக்குகள். தேவை கண்முன்னே இருந்தது.

விரிவுரையாளரை மட்டும் குறைசொல்ல முடியாது. பல துறை மாணவர்கள் ஒரே மண்டபத்தில் இருக்கையில், கட்டடம் படிப்பவனுக்கான உதாரணம் மின்னியல் படிப்பவளுக்கு ஒட்டாது. "நிறுவல் வேண்டாம், சூத்திரத்தைத் தந்தால் போதும்" என்று கேட்கும் மாணவர்களும் உண்டு. இதை நான் ஏற்கமாட்டேன். சூத்திரம் எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று அறியாதவர் கட்டும் பாலத்தில் பஸ்ஸில் போகப்போவது நாம்தானே!

லீவில் வரும் பிள்ளையிடம் புள்ளியைக் கேட்குமுன், படித்த கணக்கு எதற்கு உதவும் என்று கேட்டுப் பாருங்கள். சொல்லத் தெரியாவிட்டால் விரிவுரையாளரிடமே போய்க் கேட்கச் சொல்லுங்கள். பின்னைய வருடங்களில் அதிர்வும் கட்டுப்பாட்டுத் தொகுதிகளும் படிக்கும்போது லாப்லாஸ் திரும்பி வருவார். அதுவரை முதல் வருடக் கொப்பிகளைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.