கன அடியும் கன மீட்டரும்

2024ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள். பொழுது புலரும் முன்னரே என் தொலைபேசி ஒலித்தது. அழைத்தவர் பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் எட்டாம் வகுப்பில் கணக்குப் படித்தவர். இப்போது திருக்கோவிலூருக்கு அருகே தென்பெண்ணைக் கரையில் குடியிருப்பவர். ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையால் சாத்தனூர் அணை நிரம்பி, அன்று அதிகாலையில் அதிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி நீர் வெளியேற்றப்பட்டது. அவர் தம் குடும்பத்துடன் மேட்டுப் பகுதியில் இருந்த உறவினர் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தார்.

"ஐயா, ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரம் என்று சொன்னார்கள். இப்போது கைப்பேசியில் 4,757 என்று ஒரு செய்தி வந்திருக்கிறது. வெள்ளம் வடிந்துவிட்டது போலும். வீட்டை ஒரு நடை பார்த்துவிட்டு வரட்டுமா?"

"எண்ணை விடு, தம்பி. எண்ணுக்குப் பின்னால் என்ன எழுதியிருக்கிறது? அதைப் படி" என்றேன்.

சற்று நேரம் மறுமொழி இல்லை. பிறகு, "கன மீட்டர் என்று இருக்கிறது, ஐயா" என்றார்.

"அப்படியானால் ஒரு குடம் தண்ணீரும் குறையவில்லை. இருக்கும் இடத்திலேயே இரு."

மாணவர்களே, அந்தக் கன அடிக்கும் கன மீட்டருக்கும் உள்ள உறவைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். கடினமான பாடம் அன்று. ஆயினும் கற்றவர்களும் சறுக்கி விழும் இடம் ஒன்று அதில் உண்டு.

முதலில் இரண்டு செய்திகளைப் பிரித்து அறிந்துகொள்ள வேண்டும். கல்வராயன் மலையடிவாரத்தில், கச்சிராயபாளையத்துக்கு அருகே உள்ள கோமுகி அணையை உங்களுள் பலர் பார்த்திருப்பீர்கள். அதன் நீர்மட்ட உயரம் 46 அடி; கொள்ளளவு ஏறத்தாழ 561 மில்லியன் கன அடி. இது தேங்கி நிற்கும் நீரின் அளவு. மலையில் மழை பெய்து, பொட்டியம், மாயம்பாடி, கல்படை ஆறுகள் பெருக்கெடுக்கும்போது, 'அணைக்கு விநாடிக்கு 500 கன அடி நீர் வருகிறது' என்று செய்தி வெளியாகும். இது ஓடும் நீரின் அளவு. முன்னது பெட்டியில் உள்ள பணம் என்றால் பின்னது மாதந்தோறும் வரும் சம்பளம். 'விநாடிக்கு' என்ற சொல்லை விட்டுவிட்டால் இரண்டும் ஒன்றுபோல் தோன்றிவிடும். செய்தித்தாள்களிலும் சில வேளை அச்சொல் விடுபட்டுப்போவதைக் கண்டு, சிவப்பு மையால் திருத்தத் துடிக்கும் என் கையை அடக்கிக்கொள்கிறேன்.

விநாடிக்கு ஒரு கன அடி என்பதைப் பொறியாளர்கள் 'கியூசெக்' என்பர். விநாடிக்கு ஒரு கன மீட்டர் என்பது 'கியூமெக்'. நம் மாநிலத்தின் அணைக் கணக்குகள் இன்றும் முன்னதிலேயே எழுதப்படுகின்றன. மத்திய நீர் ஆணையமோ பின்னதைப் பயன்படுத்துகிறது. மெட்ரிக் அளவைகளுக்கான சட்டம் நம் நாட்டில் 1956இல் நிறைவேறியது; 1958 அக்டோபர் முதல் அம்முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. கோமுகி அணை அதற்குப் பிறகு, 1960களில் எழுந்தது. அப்படியிருந்தும் அதை அடியிலேயே அளந்து வருகிறோம்! காய்கறிக் கடையில் வீசையும் பலமும் மறைந்தன. துணிக்கடையில் கஜம் மறைந்தது. ஆற்றில் மட்டும் அடி மறையவில்லை. பழைய பதிவேடுகள், மதகுகளின் அளவுகள், மாநிலங்களுக்கு இடையேயான நீர்ப் பங்கீடு ஆகிய அனைத்தும் கன அடியில் இருக்கும்போது, ஒரே நாளில் மாற்றுவது எளிதன்று என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இனி, சறுக்கும் இடத்துக்கு வருவோம். ஒரு மீட்டர் எத்தனை அடி என்று கேட்டால் வகுப்பில் பாதிப் பேர் 3.28 என்று சரியாகச் சொல்லிவிடுவர். அடுத்து, ஒரு கன மீட்டர் எத்தனை கன அடி என்று கேட்பேன். அதே பாதிப் பேர் அதே 3.28ஐச் சொல்வர். நான் ஆசிரியப் பயிற்சி பெற்றபோது, கண்ணால் கண்டதைப் பிள்ளை மறப்பதில்லை என்று கற்பித்திருந்தார்கள். ஆகவே ஒவ்வொரு புறமும் ஓர் அடி உள்ள தகரப் பெட்டி ஒன்றைச் செய்வித்து வகுப்பில் வைத்திருந்தேன். தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு மீட்டர்ச் சதுரம் வரைந்து, அதில் இப்பெட்டியை எத்தனை முறை வைக்கலாம் என்று பார்க்கச் சொல்வேன். நீளவாக்கில் 3.28, அகலவாக்கில் 3.28, ஆகத் தரையில் மட்டும் ஏறத்தாழ 10.76 பெட்டிகள். இவ்வடுக்கின்மேல் அடுக்காக 3.28 அடுக்குகள். மூன்றையும் பெருக்கினால் 35.3 பெட்டிகள். ஒரு கன மீட்டர் என்பது 35.3 கன அடி என்பது இவ்வாறு விளங்கும். நீளத்தை ஒருமுறை, பரப்பை இருமுறை, கன அளவை மும்முறை பெருக்க வேண்டும். விநாடி இரு முறைகளிலும் ஒன்றே ஆதலால் அதைத் தொடவேண்டியதில்லை.

பெட்டியில் தண்ணீர் ஊற்றியும் காட்டுவேன். ஓர் அடி என்பது 30.48 சென்டிமீட்டர். அதை மும்முறை பெருக்கினால் 28,317 கன சென்டிமீட்டர், அஃதாவது 28.3 லிட்டர். நம் வீடுகளில் உள்ள 15 லிட்டர் குடத்தால் இரண்டு குடத்துக்குச் சற்றுக் குறைவு. ஆகவே விநாடிக்கு ஒரு கன அடி என்றால், 'ஒன்று' என்று சொல்லி முடிப்பதற்குள் இரண்டு குடம் நீர் உங்களைக் கடந்து போகிறது என்று கொள்ளலாம்.

மனக்கணக்காகச் செய்ய விரும்பினால் கன அடியை 35ஆல் வகுத்தால் போதும். நூற்றுக்கு ஒன்று அளவே பிழை வரும். 1,68,000ஐ 35ஆல் வகுத்தால் 4,800. திருத்தமான விடை 4,757. மாறாக, கன மீட்டரில் வந்த எண்ணை ஒருவர் 3.28ஆல் பெருக்கியிருந்தால் 15,603 கன அடி என்ற விடை கிடைத்திருக்கும். உண்மையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை! பதினையாயிரம் என்று கேட்டுவிட்டு ஒருவர் ஆற்றங்கரை வீட்டுக்குத் திரும்பிச் சென்றால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

அவ்வெள்ளத்தின் பெருமையை நம் ஊர் அளவையால் கணக்கிட்டுப் பார்த்தேன். கோமுகி அணை முற்றிலும் வறண்டு கிடப்பதாக வைத்துக்கொள்வோம். தென்பெண்ணையின் அந்த ஓட்டத்தை அதில் திருப்பிவிட்டால் நிரம்ப எவ்வளவு நேரமாகும்? 561 மில்லியனை 1,68,000ஆல் வகுத்தால் ஏறத்தாழ 3,340 விநாடிகள், 56 நிமிடங்கள். ஒரு பாடவேளையைவிடச் சிறிது கூடுதல்.

ஆங்கில அளவைகளை நான் முற்றிலும் வெறுப்பவன் அல்லேன். அவற்றில் ஓர் அழகு உண்டு. விநாடிக்கு ஒரு கன அடி வீதம் ஒரு மணி நேரம் பாய்ந்தால் 3,600 கன அடி நீர் சேரும். ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அங்குல உயரத்துக்கு நீர் நிற்க 3,630 கன அடி வேண்டும். ஆகவே, 'ஒரு கியூசெக், ஒரு மணி, ஓர் ஏக்கர், ஓர் அங்குலம்' என்று பாசனக் கணக்கை விரல்நுனியில் வைத்துக்கொள்ளலாம். மெட்ரிக் முறையிலும் இதற்கு நிகரான எளிமை உண்டு: ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் நீர் நிற்க 10 கன மீட்டர் வேண்டும்.

குடிநீர்க் கணக்கில் நாளொன்றுக்கு இத்தனை மில்லியன் லிட்டர் என்பர். விநாடிக்கு ஒரு கன அடி நாள் முழுதும் ஓடினால் ஏறத்தாழ 24.5 லட்சம் லிட்டர். நகரத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற கணக்கில் அது 18,000 பேருக்குப் போதும். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கள்ளக்குறிச்சி நகரின் மக்கள்தொகை ஐம்பதாயிரத்தைச் சற்றே தாண்டியிருந்தது. மூன்று கன அடி ஓட்டம் அவ்வூருக்குத் தாராளம்.

காலன் என்னும் அளவையில் மட்டும் விழிப்பாக இருங்கள். ஒரே பெயரில் இரண்டு காலன்கள் உள்ளன. இங்கிலாந்துக் காலன் 4.546 லிட்டர், அமெரிக்கக் காலன் 3.785 லிட்டர். பம்பு விலைப்பட்டியலில் நிமிடத்துக்கு 100 காலன் என்றிருந்ததை 455 லிட்டர் என்று நான் ஒருமுறை ஓர் உழவருக்குக் கணக்கிட்டுக் கொடுத்தேன். அது அமெரிக்கக் காலன். வந்தது 380 லிட்டர்கூட இல்லை. பிழை என்னுடையது. அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அதனால்தான் இன்னும் நினைவில் இருக்கிறது.

ஆழ்துளைக் கிணறு தோண்டுவோர் 'இரண்டு இஞ்ச் தண்ணீர்' என்பதும் இத்தகையதே. முக்கோணமாக, செங்கோண அளவில் வெட்டிய தகட்டின் வழியே நீரை வழியவிட்டு, வெட்டின் அடியிலிருந்து நீர் எழும் உயரத்தை அங்குலத்தில் அளப்பர். ஓர் அங்குலம் எழுந்தால் மணிக்குச் சுமார் 510 லிட்டர். இரண்டு அங்குலம் என்றால் இருமடங்கு என்று எண்ணிவிடாதீர்கள். சுமார் 2,890 லிட்டர், ஐந்தரை மடங்குக்கும் மேல். உயரம் கூடும்போது வெட்டின் அகலமும் நீரின் வேகமும் சேர்ந்து கூடுவதே காரணம்.

நான் ஓய்வுபெறுவதற்கு முந்தைய ஆண்டு, ஒன்பதாம் வகுப்பு மாணவர்களைக் கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்து ஓடை ஒன்றுக்கு அழைத்துச் சென்றேன். ஒரு குழுவிடம் அடிக்கோல், மற்றொரு குழுவிடம் மீட்டர் நாடா. ஓடையின் அகலம் 6 அடி. பல இடங்களில் அளந்து கண்ட சராசரி ஆழம் முக்கால் அடி. ஆரஞ்சுத் தோல் ஒன்றை மிதக்கவிட்டோம். 20 அடியை 10 விநாடியில் கடந்தது. ஆகவே மேற்பரப்பின் வேகம் விநாடிக்கு 2 அடி. அடியில் உள்ள கல்லும் கரையும் நீரைத் தடுப்பதால் சராசரி வேகம் அதைவிடக் குறைவு, அதற்காக 0.85ஆல் பெருக்கினோம். விநாடிக்கு 7.65 கன அடி என்று முதற்குழு விடை கண்டது. இரண்டாம் குழு 0.217 கன மீட்டர் என்றது.

இரண்டும் ஒன்றுதானா என்று கேட்டேன். ஒரு பையன் விரைந்து 7.65ஐ 3.28ஆல் வகுத்து, "2.33 வருகிறது ஐயா, அவர்கள் அளந்தது தவறு" என்றான். மற்றக் குழுவில் இருந்த மலைக்கிராமத்துச் சிறுமி ஒருத்தி ஒன்றும் பேசவில்லை. தரையில் குச்சியால் ஒரு சதுரம் வரைந்தாள், அதன்மேல் கையை உயர்த்தி, "இன்னும் இரண்டு முறை வகுக்க வேண்டாமா?" என்று அவனைக் கேட்டாள். அவன் வகுத்துப் பார்த்தான், 0.217 வந்தது.