தெருவிளக்கை அணைத்த ஊர்

உங்களுக்குத் தெரியுமா?

பிரிட்டனில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் பட அட்டைகளைக் காட்டிப் பெயர் கேட்டார்கள். எட்டு வயதுப் பிள்ளைகள் போக்கிமான் பாத்திரங்களில் முக்கால்வாசியைச் சரியாகச் சொன்னார்கள். தங்கள் நாட்டுச் செடி, பூச்சி, விலங்குகளில் பாதிதான் தெரிந்தது. 2002-ல் வெளியான ஆய்வு இது. உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் வாசல் மரத்தின் பெயரை இன்றைக்கே கேட்டுப் பாருங்கள். பெயர்கூடத் தெரியாத மரத்தை வெட்டினால் யாருக்கு வலிக்கும்?

அசாமில் நாரைக்கு வளைகாப்பு நடக்கிறது! ஹர்கிலா என்ற அந்த நாரை ஐந்தடி உயரம், வழுக்கைத் தலை, கழுத்தில் தொங்கும் பை. அழுகிய இறைச்சியைத் தின்னும். கூட்டிலிருந்து அதன் மிச்சம் முற்றத்தில் விழுந்து நாறும். அபசகுனம் என்று ஊர்மக்கள் கூடு இருந்த மரங்களையே வெட்டினார்கள். பூர்ணிமா தேவி பர்மன் என்ற உயிரியலாளர் சட்டத்தைக் காட்டி மிரட்டவில்லை. ஊர்ப் பெண்களைத் திரட்டினார். வயிற்றுப்பிள்ளைக்காரிக்குச் செய்கிற சடங்கையே, முட்டையிடும் நாரைக்கும் பாட்டும் பலகாரமுமாகச் செய்ய வைத்தார். நம் ஊர் வளைகாப்பு போன்றதுதான் அது. சேலையிலும் ஹர்கிலாவை நெய்கிறார்கள். அங்கே தாதரா கிராமச் சுற்றுவட்டாரத்தில் 28 ஆக இருந்த கூடுகள் 250-ஐத் தாண்டிவிட்டன. வெறுத்த பறவை, வீட்டுப் பிள்ளையாகிவிட்டது.

வேடந்தாங்கல் ஏரிப் பறவைகளுக்கு 1798-லேயே பாதுகாப்பு கிடைத்தது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டுத் தள்ளியதைப் பொறுக்காத ஊர் மக்கள் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு உத்தரவு வாங்கினார்கள். பறவை எச்சம் கரைந்த ஏரித் தண்ணீர்தான் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்கு அனுபவப் பாடம்.

சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடிச்சத்தம் கேட்காது. குஞ்சுகள் மிரளும் என்று பல்லாண்டுகளாகப் பட்டாசைத் தொடுவதில்லை.

அதே மாவட்டத்துப் பொத்தகுடி. 2020-ல், தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு சின்னப் பறவை குச்சி சேர்த்துக் கூடு கட்டி முட்டையிட்டது. மாலையில் சுவிட்சைப் போட்டால் கூடு கலையும். இளைஞர்கள் ஊராரிடம் பேசினார்கள். ஒரு மாதத்துக்கும் மேலாகத் தெருவிளக்கு எரியவில்லை; ஊரே இருட்டில் நடமாடியது. பெட்டிக்குள் முட்டை பொரிந்து, குஞ்சுகளுக்கு இறக்கை முளைத்து, அவை பறந்து போன பிறகே சுவிட்சைப் போட்டார்கள்.